அன்று நான் குனியாததற்கான காரணங்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலமாக இருக்கிறோம். நலம் என்று பொதுவாகச் சொன்னதில் என் இடுப்பைச் சேர்க்கவில்லை. அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டே விசாரித்திருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தங்கள் குரலைக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. சாதாரண நாளிலேயே தங்கள் மரக்கடையில் ரம்பம் ஓடும் சத்தத்தையும் மீறித் தெருவரைக்கும் கேட்கிற குரல் அது. ஆகவே நம்பிக்கையோடு நிறுத்திக்கொண்டு, கடிதம் எழுதுகிறேன். இதைப் பலமுறை எழுதிப் பலமுறை கிழித்தேன். கிழித்தேன் என்ற சொல்லை இந்த நேரத்தில் தங்களிடம் பயன்படுத்தியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தின் முதல் மன்னிப்பாக இதை வைத்துக்கொள்ளவும்.

தாங்கள் ஆசை ஆசையாகக் கட்டி முடித்த மாடியைக் காட்டுவதற்காக எங்களை விருந்துக்கு அழைத்தீர்கள். வந்த நான், தாங்கள் கட்டிப்பிடித்தபோது கம்பம் மாதிரி நின்றேன். முகம் பார்க்கலாம் போல இழைத்து வைத்திருந்த மரத்தரையில் ஷூவோடு நடந்தேன். தாங்கள் காட்டிய எதையும் குனிந்து பார்க்கவில்லை. புது சோபாவில் உட்கார மறுத்துத் தங்கள் தலைக்கு மேலே போய் உட்கார்ந்தேன். தங்கள் கண்ணாடி கீழே விழுந்தபோது வேடிக்கை பார்த்தேன். சம்பந்தியம்மா பரிமாறியதை ஒதுக்கினேன். கடைசியில், அத்தனை பேருக்கும் முன்னால், தாங்கள் என் கையில் கொடுத்த மாடியின் வரைபடத்தை டர்ரென்று கிழித்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியேறினேன். அங்கே இருந்தவர்கள் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். நானே அங்கே ஒரு விருந்தாளியாக இருந்து என்னைப் பார்த்திருந்தாலும் ‘இவ்வளவு திமிர் பிடித்த கிழவனா’ என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் சம்பந்தி, இதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. எல்லாம் பெல்ட் செய்தது. அன்று சட்டைக்குள் நான் முதுகுவலிப் பெல்ட் போட்டிருந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் எடைகளையும் அளவுகளையும் சரிபார்க்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். கடைகளிலிருந்து வரும் தராசுகளைச் சோதிப்பது என் பணி. தராசின் முள்ளைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் மேலிருந்து பார்த்தாலும் கணக்கு மாறிவிடும். மேஜை தாழ்வு, நான் உயரம். ஒருமுறை குனிந்து பார்த்ததை நம்பாமல் மறுபடி குனிந்து பார்ப்பேன். மறுபடி பார்த்தது முதலில் பார்த்ததோடு ஒத்துப்போனால், ஒருவேளை இரண்டுமே தவறோ என்று இன்னொரு முறை குனிவேன். இது போதாதென்று மேலதிகாரி வந்தால் குனிவேன், காவலாளி வணக்கம் வைத்தால் குனிவேன், லிஃப்டில் யாராவது ஏறினால் குனிந்து ஓரமாக ஒதுங்குவேன். “உங்களுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கிறதே, அது வலிக்க ஆரம்பிச்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது” என்று என் மனைவி யார் வந்தாலும் சொல்கிறாள். அந்த வலி இருக்கிறதே, அது கத்திக்குத்து மாதிரி வந்து போகிற வலி இல்லை. காலி செய்யாத வாடகைக்காரர் மாதிரி. காலையில் கண் விழித்தால் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கதவைத் தட்டுவார். செருப்பு மாட்டக் குனிந்தால் சண்டைக்கே வந்துவிடுவார்.

எங்கள் தெருமுனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, திருப்பிப் போட்டு, காலைத் தூக்கச் சொல்லி, எல்லாம் பார்த்துவிட்டுச் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். தினமும் நடக்கச் சொன்னாள். “தூரமாப் போகணும், ரொம்ப நேரம் நிக்கணும்னா மட்டும் பெல்ட் போட்டுக்கங்க சார். வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும். நாள் பூரா மாட்டிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கிற தசையெல்லாம் ‘அதான் பெல்ட் பார்த்துக்குதே’ன்னு படுத்துக்கும். மூச்சு தாராளமா விடற அளவுக்குத்தான் இறுக்கணும்” என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். நான்தான் அதை ஆராய்ந்தேன். கொஞ்சம் இறுக்கினால் கொஞ்சம் பலன் என்றால், முக்கியமான நாளில் அதிகம் இறுக்குவதுதானே முறை என்று எனக்குத் தோன்றியது. தவறான வாதம். அன்று அது தெரியவில்லை.

அதைவிடப் பெரிய தவறு பெல்ட் வாங்கும்போது நடந்தது. கடையில் இருந்த பெண் அளவு நாடாவை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண் நம் வயிற்றைச் சுற்றி நாடா பிடித்தால், சம்பந்தி, எந்த ஆண்பிள்ளையும் என்ன செய்வான்? மூச்சை உள்ளே இழுத்தேன். அவள் அளவைப் படித்துச் சொல்லும்வரை விடவில்லை. ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சரிபார்த்தவன், சொந்த வயிற்றின் அளவைக் குறைத்துக் காட்டி ஏமாற்றினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், அகலமான கறுப்புப் பட்டை; முதுகுப் பக்கம் உலோகத் தகடுகள்; முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ. போட்டுப் பார்த்தேன். மூச்சை இழுத்தால் ஒட்டியது, விட்டால் பிரிந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்றாள் என் மனைவி. திருப்பிக் கொடுத்தால் அந்தப் பெண் மறுபடி அளவெடுப்பாளே? ஆகவே வைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் விருந்துக்குச் சில நாட்கள் முன்பு என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இதைத் தங்களுக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அவளுக்குக் கிடைத்திருக்கும் பாலம் கட்டும் வேலையைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். அங்கே ஆற்றின் குறுக்கே கட்டுகிற பாலத்துக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் வேலையை எங்கே இருந்தும் செய்யலாம் என்பதால் அவரும் கூடப் போகத் தயார். தாங்கள் மட்டும், “பாலந்தானே, யாராவது கட்டிக்குவாங்க. உனக்கு நான் மாடி கட்டியிருக்கேன்” என்று சொல்லி முடித்துவிட்டீர்களாம்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் மாமா எங்க கையில சாவியக் குடுக்கப் போறாரு. வாங்கிட்டா அவ்வளவுதான். வாங்கின கையோட போறேன்னு எப்படிச் சொல்றது?” என்றாள் மகள்.

“மாப்பிள்ளை சொல்லலாமேம்மா.”

“அவரா? அவங்க அப்பா முன்னாடி அவர் வாயத் திறக்கிறது சாப்பிடறதுக்கும் கொட்டாவி விடறதுக்கும்தான். நீங்க சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா மாமா கேட்பாரு.”

நான் சொல்லி இதுவரை யார் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று யோசித்தேன். எங்கள் வீட்டுக் குக்கர்கூட நான் அணைத்த பிறகும் ஒரு விசில் அடித்துவிட்டுத்தான் அடங்கும். ஆனால் மகள் கண்ணைப் பார்த்துவிட்டு, “சரிம்மா, பேசறேன்” என்று சொல்லிவிட்டேன். (மாப்பிள்ளையைப் பற்றி அவள் சொன்னதைத் தயவுசெய்து அவரிடம் சொல்ல வேண்டாம்.)

கிளம்பும் நாள் காலையில் என் மனைவி எனக்கு ஒரு கட்டளை போட்டாள். “அங்க போய் முதுகுப் புராணத்த ஆரம்பிச்சீங்கன்னா அப்புறம் பொண்ணு விஷயம் பேசவே முடியாது. உங்க சம்பந்தி உடனே ஒரு பலகையக் கொண்டாந்து போட்டு, படுங்கன்னு உருட்ட ஆரம்பிச்சிடுவாரு. முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு சொன்ன அவர் கடை கணக்குப்பிள்ளைய உருட்டினத மறந்துட்டீங்களா? வலின்னு வாயே திறக்கக் கூடாது.” நான் தலையாட்டினேன். பிறகு அவள் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, முழங்காலை என் முதுகில் ஊன்றி, நிரம்பி வழிகிற சூட்கேஸை மூடுவது போல அந்தப் பெல்ட்டை இழுத்து மூடினாள். “பேச முடியுதா?” என்றாள். “முடியுது” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உள்ளே காற்று மிச்சமிருந்தது. ஷூவையும் அவளே மாட்டி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். அப்படி ஒரு நிமிர்ந்த மனிதரை எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. எனக்கே அவர் முன்னால் கொஞ்சம் குனியத் தோன்றியது.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வாசலில் தாங்கள் இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தீர்கள். தங்கள் உள்ளங்கை என் முதுகில் ஓங்கி விழுந்தபோது உள்ளே இருந்த தகடு ‘டங்’ என்றது. “என்ன சம்பந்தி, இரும்பால செஞ்ச மாதிரி இருக்கீங்க!” என்று சிரித்தீர்கள். பதிலுக்குச் சிரிக்கக் காற்று வேண்டும். அது என்னிடம் இல்லை. ஆகவே தங்களை வெறுமனே பார்த்தேன். தங்கள் சிரிப்பு பாதியில் நின்றது எனக்குத் தெரிந்தது. அடுத்து எல்லாரும் ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் மரத்தரையில் ஏறினார்கள். என் ஷூவின் முடிச்சு என் காலடியில் இருந்தது. என் கை இடுப்போடு நின்றது. இரண்டுக்கும் நடுவே பெல்ட் இருந்தது. என் மனைவியைக் கண்ணால் தேடினேன். அவள் அதற்குள் சம்பந்தியம்மாவோடு உள்ளே போய்விட்டாள். பின்னால் வேறு விருந்தாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நடந்தேன். நான் வைத்த ஒவ்வொரு அடிக்கும் தங்கள் முகம் சுருங்கியது. நான் முடிந்தவரை நுனிக்காலில் நடந்தேன் என்பதைத் தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனித்திருந்தாலும் அது இன்னும் நக்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

மாடியில் தாங்கள் சுவரோடு சேர்த்துச் செய்திருந்த அலமாரியைக் காட்டினீர்கள். கீழ்த்தட்டு இழுப்பறையை வெளியே இழுத்து, “குனிஞ்சு பாருங்க சம்பந்தி, ஒரு ஆணி கிடையாது. எல்லாம் நானே உக்காந்து கூட்டினது. உங்க பொண்ணு உயரம் பார்த்துச் செஞ்சேன்” என்றீர்கள். அந்தக் குரலில் இருந்த பிரியம் எனக்குக் கேட்டது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே பார்க்க முயன்றதில் தகட்டின் மேல்நுனி விலாவில் ஏறிவிட்டது. வலியை அடக்குவதற்காக மேலே பார்த்தேன். “கூரையில என்ன குறை?” என்றீர்கள். ஒரு குறையும் இல்லை. கூரை நன்றாகவே இருக்கிறது. அந்த இழுப்பறையைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை. ஒருநாள் வந்து தரையில் மல்லாந்து படுத்தாவது பார்த்துவிடுகிறேன். தரையில் படுப்பது எனக்கு நல்லது என்று பிசியோதெரபிப் பெண்ணும் சொல்லியிருக்கிறாள்.

பிறகு சோபா. தாங்கள் தட்டிக் காட்டி, “உக்காருங்க, அப்படியே உள்ள இழுத்துக்கும்” என்றீர்கள். அதுதான் என் பயமும். உள்ளே இழுத்துக்கொண்டால் வெளியே எடுக்க ஆள் வேண்டுமே. சமையலறைத் திண்டின் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் சாய்ந்தாற்போல ஏறி உட்கார முடிந்தது. தாங்கள் எனக்கு மரியாதை காட்டி எதிரே சோபாவில் உட்கார்ந்தீர்கள். சோபா தங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. நான் மேலேயிருந்து தங்கள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார வைத்து விசாரிக்கிற போலீஸ்காரர் மாதிரி நான் இருந்தேன் என்று பிறகு என் மனைவி சொன்னாள். அப்போதுதான் தங்கள் கண்ணாடி சட்டைப் பையிலிருந்து நழுவி, சரியாக என் காலடியில் விழுந்தது. என்னைத் தெரிந்தவர்கள் அனைவருக்கும் தெரியும், தெருவில் முன்பின் தெரியாதவர் பேனா விழுந்தால்கூட அவருக்கு முன் நான் குனிந்துவிடுவேன். அன்று அத்தனை பேரும் நான் குனிவேன் என்று காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தாங்கள் சோபாவிலிருந்து திமிறி எழுந்து குனிய, அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மா குனிய, இரண்டு தலையும் மோதிக்கொண்டன. தலை இப்போது எப்படி இருக்கிறது? இரண்டையும் சேர்த்துத்தான் விசாரிக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது, பெல்ட்டின் மேல் விளிம்புவரை வந்து, கீழே இடமில்லை என்று நின்றுவிட்டது. “ஏன், உப்பு கூடிப்போச்சா? காரமா? வேற ஏதாவது கொண்டாரட்டுமா?” என்று சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். அதை அவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்பதாக எடுத்துக்கொண்டார். தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் கண்ணில் நீர் தளும்பியதை நான் பார்த்தேன். சமையலில் எந்தக் குறையும் இல்லை என்று அவரிடம் சொல்லவும். இரண்டு கவளத்தை வைத்தே இதைச் சொல்ல முடியும். வாசனையை வைத்து இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி அந்தக் கடைசி விஷயம். தாங்கள் எழுந்து நின்று, ஒரு கையில் சாவியும் மறுகையில் சுருட்டிய வரைபடமுமாக, “இனிமே இவங்க ரெண்டு பேரும் எங்கேயும் போக வேண்டியதில்ல. எல்லாம் இங்கயே இருக்கு. பொண்ணப் பெத்தவர், நீங்களே இதைப் பிரிச்சுப் படிச்சு, எந்த அறை எதுக்குன்னு எல்லாருக்கும் சொல்லுங்க” என்று வரைபடத்தை என்னிடம் நீட்டினீர்கள். நான் எழுந்தேன். என் மகள் என்னைப் பார்த்தாள். ‘இப்பச் சொல்லுங்கப்பா’ என்கிற பார்வை. பேசித்தான் ஆக வேண்டும். பேசுவதற்குக் காற்று வேண்டும். ஆகவே என்னால் முடிந்த அளவு மூச்சை உள்ளே இழுத்தேன். பெல்ட் கடைப் பெண்ணிடம் மறைத்து வைத்த வயிறு முழுவதும் அப்போது வெளியே வந்துவிட்டது. வெல்க்ரோ பிரிகிற சத்தத்தைத் தாங்கள் கேட்டிருக்கிறீர்களோ இல்லையோ, சின்னதாகப் பிரித்தாலே காது கூசும். என்னுடையது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பில் போனது. நான் வயிற்றுக்கு முன்னால் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கேயிருந்து ‘டர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். யாருக்குத்தான் சந்தேகம் வரும்? “ஐயோ, கிழிச்சிட்டாரு!” என்று யாரோ சொன்னது எனக்கும் கேட்டது. மறுக்க வாய் திறந்தேன். அதற்குள் பெல்ட் சட்டைக்குள்ளிருந்து வழுக்கிக் கீழே இறங்க ஆரம்பித்தது. அது கால் வழியாக வெளியே வந்து அத்தனை பேர் முன்னாலும் விழுந்தால் பிறகு என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைகாட்டுவாள்? வரைபடத்தோடு சேர்த்து வயிற்றை இரு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி, வாசலைத் தாண்டி, தெருத் திருப்பத்தில் இருந்த தபால் பெட்டிக்குப் பின்னால் போய்த்தான் நின்றேன். சிறிது நேரம் கழித்து என் மனைவி வந்து சேர்ந்தாள். “பேசிட்டீங்களா?” என்றாள். “பெல்ட் பேசிடுச்சு” என்றேன்.

வரைபடம் கிழியவில்லை, சம்பந்தி. கசங்கியது உண்மை. என் மனைவி மேலே மெல்லிய துணி போட்டு இஸ்திரி செய்திருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும், ஒரு கீறல்கூட இருக்காது.

ஆகவே தாங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அன்று நான் எந்த எதிர்ப்பையும் தெரிவிக்கவில்லை. எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பாலம் விஷயத்தில் எனக்குத் தனியாக ஒரு கருத்தும் இல்லை. அது தங்கள் குடும்ப விஷயம். தாங்கள் பார்த்து எது செய்தாலும் சரிதான். நான் நிமிர்ந்து நின்றதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது வழக்கம்போல வளைந்துதான் நிற்பேன்.

தங்கள் கைத்தொழிலும் கடையும் மேலும் மேலும் செழிக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரங்கள். நெற்றி வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொல்லவும். குழந்தைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் முதுகு நூறு வருடம் இப்படியே வலியில்லாமல் இருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக வேண்டிக்கொள்கிறேன். இதை வெறும் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை.

மிகுந்த வருத்தத்துடனும் மரியாதையுடனும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையில் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது என் மகள் போன் செய்தாள்.

“அப்பா! மாமா சரின்னு சொல்லிட்டாருப்பா!”

“எதுக்கும்மா?”

“பாலத்துக்குப்பா! இன்னைக்குக் காலையில சாப்பிடறப்ப அவராவே சொன்னாரு. ‘அந்த மனுஷன் என்னைக்குமே எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. எப்பப் பார்த்தாலும் பாதி வளைஞ்சேதான் நிப்பாரு. அப்படிப்பட்டவரு வந்து நட்டுவெச்ச மாதிரி நிமிர்ந்து நின்னு, சாப்பாட்டத் தொடாம, படத்தக் கிழிச்சுட்டுப் போறாருன்னா, பொண்ணுக்காக அவர் மனசு எவ்வளவு கொதிச்சிருக்கணும்? நான்தான் புரிஞ்சுக்கல. போய்க் கட்டிட்டு வரட்டும். மாடி எங்க ஓடிடப் போவுது’ன்னு சொன்னாருப்பா. அப்பா, எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?”

நான், “அப்படியாம்மா” என்றேன். வேறெதுவும் வரவில்லை. இப்போது பெல்ட்கூடப் போட்டிருக்கவில்லை.

என் மனைவி கையை நீட்டினாள். “அந்த லெட்டரக் குடுங்க, அடுப்புல போடறேன்.”

“அவர் தப்பா நினைச்சுக்கிட்டுத்தானே சரின்னாரு? அது பொய் இல்லையா?”

“நீங்க என்ன பொய் சொன்னீங்க? நீங்கதான் வாயே திறக்கலையே!”

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். நடப்பது இடுப்புக்கும் நல்லது. குறைந்த எடைக்கல்லை வைத்து நிறுத்துவிட்டு வாங்குகிறவர் சந்தோஷமாகப் போகிறார் என்பதற்காக அந்தக் கல்லுக்கு முத்திரை குத்த என்னால் முடிந்ததில்லை. அன்று காட்டாத கோபத்தைக் காட்டியதாகத் தாங்கள் நம்ப, அதை வைத்து என் மகள் ரயில் ஏறினால், அவள் பெருமைப்படுவது ஒரு வெல்க்ரோவைப் பார்த்து. ஆகவே கடிதத்தை அனுப்புகிறேன். என் மனைவி சமையலறையில் பாத்திரங்களை வைக்கும் சத்தத்திலிருந்து அவளுக்கு இதில் சம்மதமில்லை என்று தெரிகிறது.

ஆனால் மேலே எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். ஷூ, சோபா, கண்ணாடி, சாப்பாடு எல்லாம் உண்மை. கடைசிப் பகுதிதான் பொய். எனக்குக் கருத்து இல்லை என்று எழுதியிருக்கிறேன். இருக்கிறது. தாங்கள் எது செய்தாலும் சரி என்று எழுதியிருக்கிறேன். சரியில்லை. என் மகள் அந்தப் பாலத்தைக் கட்ட வேண்டும். மாப்பிள்ளை அவளோடு போக வேண்டும். தாங்கள் அவர்களுக்காக உட்கார்ந்து இழைத்த மாடி பூட்டிக் கிடந்தால் தங்களுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது, புரிந்துகொண்டேதான் சொல்கிறேன். அன்று நான் நிமிர்ந்து நின்றது பெல்ட்டால். ஆனால் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டிய விஷயமாகத்தான் அது இருந்தது. ஆகவே கண்ணாடிக்கும் சாப்பாட்டுக்கும் கேட்ட மன்னிப்பு அப்படியே இருக்கட்டும்; நிமிர்ந்து நின்றதற்காகக் கேட்ட மன்னிப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உண்மை தெரிந்த பிறகு தங்கள் மனம் மாறினால் மகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் நேரில் வந்து தங்களிடம் பேசுகிறேன். ‘பேசுகிறேன்’ என்பதற்குப் பக்கத்தில் மையால் அடித்திருக்கும் இடத்தில் ‘பேச முயல்கிறேன்’ என்று இருந்தது. அதைப் படிக்க வேண்டாம்.